இடது பாபினின் ஏழாவது சுற்று

மணி ஒன்பது அடித்த கையோடு கரண்ட் போனது. பராமரிப்புக்காக ஒன்பதிலிருந்து இரண்டு வரை நிறுத்துவோம் என்று முந்தின நாளே போனில் செய்தி வந்திருந்தது. என்றாலும் சொன்ன நேரத்துக்குச் சொன்னபடி போகும் என்று அம்சவேணி எதிர்பார்க்கவில்லை. சால்டரிங் அயர்ன் ஆறுவதற்குள் சுவிட்சில் மிச்சமிருந்த ஒரே ஒரு காலையும் பற்றவைத்துவிட வேண்டும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு ஈயத்தைத் தொட்டாள். அது உருகிப் பளபளத்து, கம்பியைச் சுற்றி ஒரு சின்ன மேடாக உட்கார்ந்து மங்கியது. முடிந்தது. பெட்டி முடிந்தது. போட்டுப் பார்க்கத்தான் கரண்ட் இல்லை. மின்விசிறி கடைசிச் சுற்றைச் சோம்பலாகச் சுற்றி நின்றதும் தெரு முழுக்க ஓடிக்கொண்டிருந்த லேத்துகளும் கிரைண்டிங் கல்லும் ஒவ்வொன்றாக இறங்கி அடங்குவது கேட்டது. கணபதிப் பகுதியில் இருபத்தாறு வருஷமாகக் குடியிருக்கிறாள். இந்தச் சத்தம் நிற்கும்போதுதான் இது இவ்வளவு நேரமும் இருந்தது என்று தெரிகிறது. அப்படியானால் இருந்தபோது அவள் கேட்டாளா, கேட்கவில்லையா? காதுக்குள் போகாமல் இருந்திருக்காது. போயும் தெரியாமல் இருந்திருக்கிறது. எதிர்வீட்டு மாடியில் புறா ஒன்று தொண்டைக்குள்ளேயே உருட்டிக்கொண்டிருந்தது, அதுவும் இத்தனை நேரம் அங்கேதான் இருந்திருக்கும். ஈயப் புகையின் வாடை, கோயிலில் குங்கிலியம் போட்ட மாதிரி, சின்ன அறைக்குள் தங்கிவிட்டது. ஜன்னலைத் திறக்கலாம். திறந்தால் புழுதி பெட்டிக்குள் விழும். இருக்கட்டும்.

பெட்டி என்றால் பெரிய பெட்டி இல்லை, பொங்கலுக்குக் கரும்புச் சர்க்கரை வந்த தகரப் பெட்டி அளவுதான். உள்ளே இரண்டு ட்ரான்ஸ்பார்மர், இடப் பக்கத்துக்கு ஒன்று, வலப் பக்கத்துக்கு ஒன்று. ஒவ்வொன்றும் கையில் பொத்தினால் மறைந்துபோகும். முகப்பில் இரண்டு குமிழ். இரண்டு பக்கத்தையும் ஒன்றாகத் திருகும் ஒற்றைச் சுவிட்ச் எங்கும் கிடைக்காததால் தனித்தனியாகத்தான் போட முடிந்தது. பாட்டுப் பெட்டியில் சத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும் இருக்கிற அந்தச் சாதாரணக் குமிழ் செய்கிற வேலையை இனி இது செய்யும். எட்டு வருஷத்துக்கு முன்னால் பொள்ளாச்சியிலிருந்து ஒரு பல் டாக்டர் இவள் வேலை செய்கிற பட்டறைக்கு ஒரு தாளை எடுத்துக்கொண்டு வந்தார். பம்புசெட்டுக்கும் ஸ்டெபிலைசருக்கும் செம்புக் கம்பியைக் காயிலாகச் சுற்றுகிற பட்டறை அது. வெறும் இரண்டே உருப்படிக்கு, அதுவும் இருபத்துமூன்று இடத்தில் கம்பியை வெளியே இழுக்கிற டேப்பிங்கோடு, மெஷினை யார் ஒதுக்குவது என்று முதலாளி கைவிரித்துவிட்டார். டாக்டர் வருத்தப்பட்ட மாதிரி தெரியவில்லை. வெளியே வேப்பமரத்தடியில் டீ குடித்துக்கொண்டிருந்தவரிடம் அம்சவேணிதான் போய், சார், வால்யூமுக்கு எதுக்குங்க ட்ரான்ஸ்பார்மர் என்று கேட்டாள். அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார். சாதாரணக் குமிழ் என்ன பண்ணுதுன்னா, வேண்டாத சத்தத்தை எரிச்சுக் கழிச்சிடுதும்மா. உங்க ட்ரான்ஸ்பார்மர் எதையும் எரிக்காது. வோல்டேஜ் உயரத்தைக் குறைச்சு, குறைச்ச அளவுக்குக் கரண்டைப் பலமாக்கிக் குடுத்திடும். அதனால மெதுவா வெச்சாலும் பாட்டு மெலியாது. இதைச் சொல்லிவிட்டு, அந்தத் தாளையும் அவளிடமே கொடுத்துவிட்டுப் போய்விட்டார். தாள் எட்டு வருஷம் தகர அலமாரியில் சேலைக்கு அடியில் கிடந்தது. ஆயிரக்கணக்கில் சுற்றியிருக்கிறாள், சுற்றியதெல்லாம் உறுமத்தான் உறுமியிருக்கிறது. பாட்டு ஏறிப் போகிற காயில் எப்படி இருக்கும் என்று அவ்வப்போது யோசிப்பாள், சோற்றுக்கு உலை வைக்கும்போது, பஸ்ஸில் நிற்கும்போது. யோசிப்பதோடு சரி.

அந்தத் தாளை எடுத்துச் சுற்ற வைத்தது அவள் வீட்டுக்காரர் ஆறுச்சாமிதான், அவருக்கே தெரியாமல். அவர் முப்பத்தொரு வருஷம் நூல் மில்லில் ஃபிட்டர். நூல் சுற்றும் ஸ்பிண்டில் ஓடும்போது ஸ்க்ரூட்ரைவரின் முனையை அதன் மேல் வைத்து, பிடியை இடது காதில் ஊன்றிக்கொண்டு, கண்ணை மூடி நிற்பார். இந்த பேரிங் இன்னும் பத்து நாள், அந்த பேரிங் இன்றைக்கே மாற்று என்று சொல்வார், சொன்னது தப்பாது. மில் மூடின பிறகும் சின்னச் சின்ன மில்காரர்கள் வண்டி வைத்து அழைத்துப் போவார்கள். அவ்வளவு இரைச்சலில் கிடந்த காது. வீட்டில் கொஞ்சம் சத்தம் கூடினாலும் கூசும், ஊசி குத்துகிற மாதிரி இருக்குது என்பார். அதனால் நாதஸ்வரமோ வயலினோ, விடிகாலையில் பக்கத்து அறைக்குக்கூடக் கேட்காத அளவில் வைத்து, நாற்காலியை இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்காருவார். ஆடி பிறந்த முதல் வாரம், இவள் அவரைக்காய்க்கு நார் உரித்துக்கொண்டிருந்தாள். எடப் பக்கம் பாட்டுப் போயிருச்சு அம்மிணி என்றார். கரண்ட் போயிருச்சு என்கிற மாதிரிதான் சொன்னார். இவள் நிமிர்ந்து பார்த்தாள். அவர் பாட்டுப் பெட்டியைப் பார்க்கவில்லை, கையால் இடது காதைத் தடவிக்கொண்டிருந்தார். அதற்கப்புறம் இரண்டு மில்லிலிருந்து கூப்பிட்டதற்கு முதுகு வலி என்று சொல்லிவிட்டார். அவருக்கு முதுகு வலி வந்ததே கிடையாது. காது டாக்டரிடம் போகலாமுங்க என்று ஒருதரம் சொன்னாள். பாக்கலாம் என்றார். அந்தப் பாக்கலாமுக்கு என்ன அர்த்தம் என்று கல்யாணமான புதுசிலேயே அவளுக்குப் பழகிவிட்டது.

ஆனால் குமிழிலும் கோளாறு இருக்கலாமே. அது அன்றைக்கே தோன்றியது. உள்ளே கரி பூசின தடம் வைத்த அந்தச் சாதாரணக் குமிழ்கள் பாதிக்கு மேல் திருகினால் இரண்டு பக்கமும் சமமாகத் தரும். நன்றாகக் குறைத்து வைத்தால் ஒரு பக்கம் முந்தியே செத்துவிடும். பட்டறையில் ரேடியோ ரிப்பேர் பார்க்கிறவர் சொல்லி அவளுக்குத் தெரியும். ஆறுச்சாமியோ எப்போதும் நன்றாகக் குறைத்துத்தான் வைக்கிறார். அப்படியானால் காது இல்லை, குமிழ். அப்படி இல்லையென்றால் குமிழ் இல்லை, காது. அவர் போனை ஸ்பீக்கரில் போட்டுப் பேச ஆரம்பித்தது எப்போது? பாட்டுப் போனதற்குப் பிறகா, அதற்கு முன்பேயா? வைகாசியில் அவர் அக்கா, இவளுக்கு நங்கையாள், மகன் கல்யாணத்துக்கு அழைக்கக் கூப்பிட்டபோது ஸ்பீக்கரில்தான் பேசினார், அவர்கள் பேசியது இவளுக்கு அடுப்படி வரை கேட்டது. இல்லை, அப்போது கையில் மாவு இருந்தது, அதனால் போட்டிருப்பார். மாவு யார் கையில் இருந்தது? இவள் கையில்தானே. இவள் கையில் மாவு இருந்ததற்கு அவர் எதற்கு ஸ்பீக்கரில் போட வேண்டும். இவளும் கேட்கட்டும் என்று போட்டிருக்கலாம். ஆமாம், அப்படித்தான் இருக்கும். இந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் மனசு, நூல் சிக்கின பாபின் மாதிரி, ஒரு இழுப்பு இழுத்து நின்றுவிடுகிறது.

அம்சவேணி மல்டிமீட்டரை எடுத்தாள். அதற்கு பாட்டரி போதும். ஒரு முனையைப் பொதுக் கம்பியில் வைத்து மறுமுனையால் சுவிட்சின் கால்களை ஒவ்வொன்றாகத் தொட்டாள், ஒவ்வொன்றுக்கும் மீட்டர் ஒரு கீச்சுக் கொடுத்தது. எதுவும் அறுந்திருக்கவில்லை. சுற்றின் நடுவே கம்பியை வளையமாக வெளியே இழுத்துவிடுகிற இடம்தான் டேப்பிங். ஆறாவது சுற்றில் ஒன்று, எட்டில் ஒன்று, பத்தில், பதிமூன்றில், பதினாறில், இருபதில், இருபத்தைந்தில் என்று போய், ஐந்நூற்றொன்றில், அறுநூற்று முப்பத்தொன்றில், எழுநூற்றுத் தொண்ணூற்று நான்கில், ஆயிரத்தில். டாக்டரின் தாளில் இந்த எண்களைப் பார்த்தபோது முதலில் யாரோ தூக்கக் கலக்கத்தில் எழுதியது போலத்தான் இருந்தது. சீரான படி என்றால் ஐம்பது, நூறு, நூற்றைம்பது என்று அல்லவா போக வேண்டும். இரண்டு நாள் தாளை வைத்துக்கொண்டு பெருக்கியும் வகுத்தும் பார்த்தாள். மூன்றாம் நாள் மதியம் சோற்றுப் பாத்திரத்தைத் திறந்தபோது பிடிபட்டது: எந்த எண்ணை எடுத்தாலும் அதற்கு முந்தினது ஏறத்தாழ அதில் ஐந்தில் நான்கு. காதுக்குக் கழிக்கத் தெரியாது, வகுக்கத்தான் தெரியும். ஆயிரத்திலிருந்து இருநூறு சுற்றை எடுத்தால் காது ஒரு படி என்கிறது. பத்திலிருந்து இரண்டே இரண்டு சுற்றை எடுத்தாலும் அதே ஒரு படி என்கிறது. யார் காதும் அப்படித்தானா? எதிர்வீட்டுப் புறாவின் காதும்? அன்றைக்குப் பூராவும் பட்டறையில் யார் பேசினாலும் அவர்கள் வாயைப் பார்க்காமல், அந்தச் சத்தம் தன் காதுக்குள் எந்தப் படியில் வந்து உட்காருகிறது என்றே கவனித்துக்கொண்டிருந்தாள். பக்கத்து மெஷின்காரி ஒருத்தி, என்னக்கா, காதுல ஏதாச்சும் பூந்துக்குச்சா என்று கேட்டாள்.

அதில்தான் வம்பும் இருந்தது. ஆயிரத்தில் ஒரு சுற்று கூடினாலும் குறைந்தாலும் ஒருத்தருக்கும் தெரியாது. எட்டில் ஒன்று குறைந்தால் தெரியும். ஆறுச்சாமி கேட்பதோ மிகக் கீழே இருக்கிற படிகளில். அதனால் முதல் இருபது சுற்றையும் மெஷினில் போடாமல், கம்பி சுற்றும் பாபினை மடியில் வைத்துக் கையாலேயே சுற்றினாள், வாய்க்குள் எண்ணிக்கொண்டே. வலது பாபின் ஒரே மூச்சில் வந்தது. இடது பாபினில் ஆறைச் சுற்றி டேப்பிங் இழுத்தாள், ஏழு என்றாள், குக்கர் விசிலடித்தது. எத்தனையாவது விசில் என்று ஒரு கணம் நினைப்பு அங்கே போனது. மூன்று விசில் வைக்க வேண்டும், இது மூன்றா, இரண்டா. பிறகு எட்டு என்று சுற்றி டேப்பிங் இழுத்தாள். இதில் ஏழு என்று சொன்னது ஞாபகம் இருக்கிறது. ஏழைச் சுற்றியது ஞாபகம் இல்லை. வாய் எண்ணியது, கை சுற்றியதா? இது தோன்றியபோது அவள் முன்னூறைத் தாண்டியிருந்தாள். பிரித்திருக்கலாம். பிரிக்கவில்லை. பிரித்தால் கம்பியின் எனாமல் உரிந்துவிடும், பாபினுக்குள் செருகுகிற அந்த நிக்கல் கலந்த தகடே உக்கடத்துப் பழைய சாமான் கடையில், உடைத்துப்போட்ட டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக் குவியலில் அகப்பட்டது, கம்பியும் அளவாகத்தான் இருந்தது என்றெல்லாம் காரணம் சொல்லிக்கொண்டாள். இப்போது மேலே தொள்ளாயிரத்துச் சொச்சம் சுற்று ஏறி, வார்னிஷ் குடித்து இறுகிவிட்டது. அடியில் கிடப்பதை இனி யாரும் பார்க்க முடியாது. மீட்டர் கம்பி அறுந்திருக்கிறதா என்றுதான் சொல்லும். ஒரு சுற்று இருக்கிறதா என்று சொல்லாது. ஆக குமிழ், காது, இவள் எண்ணிக்கை என்று குற்றவாளிகள் மூன்று பேராகிவிட்டார்கள். கரண்ட் வந்து, போட்டு, அவர் உட்கார்ந்து, இடப் பக்கம் கம்மியாத்தான் இருக்குது என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது? காது என்று நினைப்பதா, ஏழாவது சுற்று என்று நினைப்பதா?

மாற்றிப் போட்டுப் பார்க்கலாம். பெட்டியிலிருந்து வெளியே போகிற இடது ஒயரை வலதிலும் வலது ஒயரை இடதிலும் செருகினால் போதும். கோளாறு பெட்டியில் என்றால் கம்மியான பக்கம் அந்தண்டை போய்விடும். காதில் என்றால் போகாது, இருந்த இடத்திலேயே இருக்கும். ஒரு நிமிஷ வேலை. இப்படி நினைத்துக்கொண்டே மல்டிமீட்டரின் ஒயரைச் சுருட்டியவளுக்குக் கை அப்படியே நின்றது. இதைப் பழைய குமிழுக்கும் செய்திருக்கலாம். ஆடி முதல் வாரம், அவரைக்காயைக் கீழே வைத்துவிட்டு எழுந்துபோய் இரண்டு ஒயரைப் பிடுங்கி மாற்றிச் செருகியிருந்தால், அரிவாள்மனையில் திரும்ப உட்காருவதற்குள் தெரிந்திருக்கும், குமிழா காதா என்று. பட்டறையில் எந்தக் காயில் சந்தேகமாக இருந்தாலும் முதலில் அதைத்தானே செய்கிறாள், நல்லதைக் கழற்றி அதன் இடத்தில் வைத்துப் பார்ப்பது. இருபத்தாறு வருஷமாகக் கைக்கு வந்த வேலை, இரண்டு மாசமாகப் புத்திக்கு வரவில்லை. வரவில்லையா? வந்தது. அவள் தனக்குத்தானே பொய் சொல்லிக்கொள்கிற ரகம் இல்லை. அன்றைக்கே வந்தது. வந்ததும், அதைவிட நல்ல வழியாக, டாக்டர் தாளின் ஞாபகம் வந்தது. அதைச் செய்துவிட்டால் எந்தச் சந்தேகமும் இல்லாமல் தெரிந்துவிடும் என்று தோன்றியது. தெரிந்துகொள்வதற்கு இரண்டு மாசம் ஆகிற வழியைத் தேடி எடுத்துக்கொண்டாள். எண்ணிக்கொண்டிருக்கிற வரைக்கும் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. இன்றைக்குக் காலை ஏழு மணிக்கு அந்தப் பழைய குமிழின் ஒயர்களையெல்லாம் நறுக்கி எடுத்துக் குப்பைக்கூடையிலும் போட்டாயிற்று. இனி அதனிடம் எதையும் கேட்க முடியாது. அவள் குப்பைக்கூடையை எட்டிப் பார்த்தாள். பூண்டுத் தோலுக்கு மேலே குமிழ் கவிழ்ந்து கிடந்தது.

ஆறுச்சாமி பன்னிரண்டரைக்கு வந்தார். புரட்டாசிச் சனிக்கிழமை, பெருமாள் கோயிலில் கூட்டம். தொன்னையில் புளியோதரையும் ஒரு பிடி துளசியும் இருந்தன. நெற்றி நாமம் வேர்வையில் கரைந்திருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு, பெட்டியை மூடி வைத்திருப்பதைப் பார்த்தார்.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுதுங்க. கரண்டுதான் வரோணும்."

அவர் தொன்னையை அவளிடம் கொடுத்துவிட்டு மேஜைக்கருகில் குனிந்து, ஒரு குமிழைப் படிப்படியாகத் திருகினார். டக், டக் என்று ஒவ்வொரு படியிலும் அது நின்று நின்று போனது. அந்த டக்கை அவர் எந்தக் காதால் கேட்கிறார் என்று அவள் பார்த்தாள். தலை லேசாகச் சாய்ந்திருந்தது. வலது பக்கமாகத்தானா? குனிந்தால் யாருக்கும் தலை சாயத்தான் செய்யும். புளியோதரையில் கடலைப் பருப்பு நன்றாக வறுபட்டிருந்தது, கடிக்கும் சத்தம் அவளுக்குள் மண்டை முழுக்கக் கேட்டது. சொல்லிவிடலாமா, ஒரு நிமிஷ வேலையைச் செய்யாமல் விட்டேன் என்று. சொன்னால் ஏன் செய்யவில்லை என்று கேட்பார். பயந்தேன் என்று சொல்ல வேண்டும். நீங்கள் ஸ்க்ரூட்ரைவரைக் காதில் ஊன்றி நிற்காத ஆளாக இந்த வீட்டில் எப்படி இருப்பீர்கள் என்று நினைத்துப் பார்க்கப் பயந்தேன் என்று சொல்ல வேண்டும். இவ்வளவையும் புளியோதரை தின்றுகொண்டு சொல்ல முடியாது. அதற்குள் தலைக்கு மேல் மின்விசிறி முனகியது, தெருவில் ஏதோ ஒரு லேத்து, பிறகு இன்னொன்று. மணி ஒன்றுகூட ஆகவில்லை. இரண்டு மணி வரை நேரம் இருக்கிறது என்று மனசு சாய்ந்து உட்கார்ந்திருந்தது. அதை எழுப்பிவிட்ட மாதிரி இருந்தது.

சி.டி.யைப் போட்டாள். ஒற்றை நாதஸ்வரம், கூட ஒரு தவில், காம்போதி ஆலாபனை. அவர் நாற்காலியை இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில் இழுத்துப் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். தெருச் சத்தம் வராமல் ஜன்னலையும் கதவையும் சாத்தினாள். இரண்டு குமிழையும் பூஜ்யத்திலிருந்து முதல் படிக்கு, இரண்டாவதுக்கு, மூன்றாவதுக்குக் கொண்டுவந்தாள். பத்துச் சுற்று, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும். மூன்றாவது படியில் நாதஸ்வரம் இருந்தது. எங்கிருந்தோ தெரு முனையிலிருந்து வருகிற மாதிரி, ஆனால் முழுசாக இருந்தது, ஊதுகிறவர் மூச்சை இழுப்பதுகூட இருந்தது. அவள் தான் சுற்றிய கம்பிக்குள் ஒரு மூச்சு போய் வருவதை நின்று கேட்டாள். ஒரு கணம் மற்றதெல்லாம் மறந்துபோனது. டாக்டர் சொன்னது வெறும் பேச்சு இல்லை.

"நல்லாருக்குது," என்றார் அவர். கொஞ்சம் பொறுத்து, "வலப் பக்கமா நின்னு ஊதறாப்ல," என்றார்.

"எந்திரிக்காதீங்க, அப்படியே உக்காந்திருங்க," என்று சொல்லிவிட்டுப் பெட்டியின் பின்பக்கம் போனாள். இரண்டு ஒயர்தான். சத்தத்தைப் பூஜ்யத்துக்குத் திருகி, இடதைப் பிடுங்கி வலதில், வலதைப் பிடுங்கி இடதில். கைக்கு இது தெரிந்த வேலை. போகட்டும், இடப் பக்கம் போகட்டும். குக்கர் விசிலடித்தபோது நான் ஏழைச் சுற்றியிருக்கவே வேண்டாம். பட்டறையில் இத்தனை வருஷத்தில் எண்ணிக்கை தப்பியவள் என்று ஒரு வார்த்தை வாங்கியதில்லை. இந்த ஒரு தரம் தப்பாக எண்ணியிருக்கட்டும். மறுபடியும் மூன்றாவது படி. "இப்ப?"

அவர் மூடிய கண்ணோடு தலையை நிமிர்த்தினார். "அங்கயேதான். வலப் பக்கமாத்தான் ஊதறாப்ல." பிறகு கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தார். "அப்ப பொட்டி சரியாத்தான் இருக்குது அம்மிணி."

ஏழாவது சுற்று அங்கே இருக்கிறது. இரண்டு பாபினும் ஒன்றுபோல் இருக்கின்றன. ஜெயித்த மாதிரியும் இருந்தது, தரையில் உட்கார்ந்துவிட வேண்டும் போலவும் இருந்தது. அவள் உட்கார்ந்தே விட்டாள், ஸ்பீக்கருக்குப் பக்கத்தில், முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு. "ஆடியிலயே ஒயர மாத்திப் பாத்திருக்கலாமுங்க. எனக்கு அப்பவே தோணுச்சு. நான்தான் செய்யல."

"நான் பாத்தனே," என்றார் ஆறுச்சாமி.

"எப்ப?"

"அதே வாரம். நீ பட்டறைக்குப் போனதுக்கப்பறம். மாத்திப் போட்டா, போன பக்கம் அக்கட்ட போயிருச்சு. சரி, குமிழ்லதான் கோளாறு, காது தப்பிச்சுதுன்னு இருந்துச்சு. மத்தியானமே அன்னூர் ரோட்டு மில்லுக்கு நானாவே போனேன். ஸ்பிண்டில்ல ஸ்க்ரூட்ரைவர வெச்சுக் காதக் குடுத்தா, தூரத்துல எங்கியோ ஓடறாப்ல இருக்குது. நல்லதுக்கும் கெட்டதுக்கும் வித்தியாசம் தெரியல. ஆக ரெண்டும்தான். குமிழும் போச்சு, காதும் போச்சு. அங்கிருந்து நடந்தே வந்துட்டேன்."

"ஏனுங்க சொல்லல?"

அவர் நாமம் கரைந்த நெற்றியைத் துண்டால் ஒற்றிக்கொண்டார். "நீ எண்ணீட்டு இருந்த. எண்ணறவங்க கிட்ட நடுவுல பேசக்கூடாதுன்னு இருந்தேன்."

நாதஸ்வரம் கீழே இறங்கி, தவில்காரர் விரலால் லேசாகத் தட்டுவது மட்டும் கேட்டது. இத்தனை நாள் இந்த மனிதர் தினமும் காலையில், இரண்டு பக்கமும் சரியில்லாத ஒரு பாட்டைக் கேட்டுக்கொண்டு, மேஜையில் இவள் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார். இவள் அவர் காதைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறாள். சிரிப்பு வருவதா அழுகை வருவதா என்று பார்த்தால் இரண்டும் வரவில்லை. எவ்வளவு போயிருக்கும் என்றுதான் மனசு கேட்டது. போச்சு என்றால் எவ்வளவு? தண்ணீர்த் தொட்டியில் தண்ணீர் போச்சு என்றால்கூட எத்தனை அங்குலம் என்று கேட்கலாமே. அவள் முழங்காலை ஊன்றி எழுந்து, ஒயர்களைப் பழையபடி செருகினாள். வலது குமிழை மூன்றாவது படியிலேயே விட்டாள். "நடுவுல வந்ததுன்னா சொல்லுங்க," என்று இடது குமிழை மட்டும் திருகினாள். நான்காவது. அவர் தலையை ஆட்டினார், இன்னும் இல்லை. ஐந்தாவது. "வர்றாப்ல, வர்றாப்ல." ஆறாவது.

அவர் கை தானாக எழுந்து, முகத்துக்கு நேர் முன்னால், இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில் ஒரு இடத்தைக் காட்டியது. அங்கே சுவர்க் காலண்டர்தான் தொங்கியது. "இங்க நிக்கறாப்ல."

"இந்தப் பக்கம் பத்துச் சுத்துங்க. அந்தப் பக்கம் இருவது."

"அப்பிடின்னா?"

"மூணு படி கம்மிங்க. மொத்தம் இருபத்துமூணுல."

"மூணா?" அவர் நாற்காலியின் நுனிக்கு வந்தார். அந்தக் குரல் அவளுக்குத் தெரியும். புது மெஷின் ஒன்றைச் சுற்றிச் சுற்றி வரும்போது வருகிற குரல். "நான் முழுசாப் போச்சுன்னு இருந்தேன். மூணு படின்னா... எல்லாச் சத்தத்துக்கும் மூணா, இல்ல கீச்சுச் சத்தத்துக்கு ஒண்ணு, தடிச் சத்தத்துக்கு ஒண்ணா? பேரிங் கத்தறது கீச்சுல வரும். அது தவில்ல தெரியாது." அவர் எழுந்து சி.டி.க்களைக் கிளறி வயலின் ஒன்றை எடுத்தார். அதற்கு நான்கு படி வேண்டியிருந்தது. புல்லாங்குழலுக்கு ஐந்து. காலண்டரின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதிக்கொண்டார். சத்தம் கீச்சாக ஆக ஆக வேண்டிய படியும் கூடிக்கொண்டே போகிறது என்பதை இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பார்த்தார்கள். அது நல்ல சேதி இல்லை, ஆனாலும் இரண்டு பேரும் குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "இதக் கொண்டுபோய்க் காட்டுனா டாக்டருக்குப் புரியுமா?"

"அவங்க கிட்ட இதுக்குன்னே மெஷின் இருக்குமுங்க."

"இருக்கட்டும். நம்ம கணக்கும் அவங்க கணக்கும் ஒத்து வருதான்னு பாக்கோணும். திங்கக்கிழம போலாம்." பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு அவளைத் திரும்பிப் பார்த்தார். "நீயும் இருபத்தாறு வருஷமா மெஷினுக்குப் பக்கத்துலதான உக்காந்திருக்கற. உன்ற காது எப்பிடி இருக்குதுன்னு என்னிக்காச்சும் பாத்தியா?"

பார்த்ததில்லை. அவர் காதையே பார்த்துக்கொண்டிருந்ததில் தனக்கும் இரண்டு காது இருப்பது அவளுக்குத் தோன்றவேயில்லை. அவர் நாற்காலியைத் தட்டிக் காட்டினார். அடுப்பில் ரசம் வைக்க வேண்டும் என்று சொல்ல வாய் வந்தது. அதுவும் தெரிந்துகொள்வதைத் தள்ளிப்போடுகிற ரசம்தான் என்று அவளுக்கே தெரிந்துவிட்டதால் சொல்லவில்லை. போய் உட்கார்ந்தாள். நாற்காலி அவர் சூட்டில் வெதுவெதுப்பாக இருந்தது. கண்ணை மூடியதும் இருட்டுக்குள் புல்லாங்குழல் ஒன்று தனியாக வந்தது. எங்கே நிற்கிறது? நேர் முன்னாலா? இல்லை, கொஞ்சம் தள்ளி நின்றது. எந்தப் பக்கம் என்று நினைக்க நினைக்க நகர்கிற மாதிரியும், நினைக்காவிட்டால் ஒரே இடத்தில் நிற்கிற மாதிரியும் இருந்தது. மெஷின் எப்போதும் அவளுக்கு வலது கைப் பக்கம்தான். அப்படியானால்? டக் என்று அவர் ஒரு படி திருகினார். குழல் அரை அடி நகர்ந்தது. இன்னொரு டக்.

"இப்ப நடுவுலங்க," என்றாள்.

அவர் குனிந்து குமிழைப் பார்க்கிறார் என்று வேட்டி உரசுகிற சத்தத்தில் தெரிந்தது.

"எத்தன படின்னு சொல்லட்டுமா?" என்று கேட்டார்.

அம்சவேணி கண்ணைத் திறக்காமலே, "சொல்லுங்க," என்றாள்.